சிக்னலில் அணையும் வண்டி

"ரோட்ல நல்லாத்தான் ஓடுது. சிக்னல்ல காலை எடுத்தா ஆஃப் ஆயிடுது." பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் என் ஷெட்டுக்கு வந்து சொல்லும் புகார்களில் இதுதான் முதலிடம். ஏ.சி. போட்டால் இன்ஜின் நடுங்குகிறது, காலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் ரேஸ் கொடுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, ரிவர்ஸ் எடுக்கும்போது நின்றுவிடுகிறது என்று கூடவே இன்னும் சிலவும் வரும். கேட்டவுடன் அக்கம்பக்கத்தில் சொல்லப்படும் யோசனையும் ஒன்றே: வண்டிக்கு வயசாயிடுச்சு, கொடுத்துவிட்டு வேறு வாங்கு.

போன ஐப்பசி மழையில் அப்படி ஒரு வண்டி வந்தது. 2002 மாடல் சான்ட்ரோ. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வேலையில் இருந்தபோது புதிதாக வாங்கிய வண்டி, இன்றுவரை அவர் ஒருவர் கை மட்டுமே பட்டது. வேறோர் இடத்தில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டை நீட்டினார். பெட்ரோல் பம்ப், நான்கு இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், சென்சார் இரண்டு.

"ஏனுங்க தம்பி, இத்தனையும் மாத்தோணுமாமா? இதுக்கு வண்டியவே குடுத்தர்லாம்னு பையன் சொல்றான். எனக்கு இந்த வண்டி போதுமுங்க."

"இருங்க டீச்சர், பாத்தர்லாம். மொதல்ல எங்கீங்க நின்னுச்சு?"

"கோத்தகிரியில மக வீட்டுலீங்க. காலைல ஸ்டார்ட் ஆகி ஸ்டார்ட் ஆகி நின்னு போச்சு. கீழ எறங்கி வந்ததும் சரியாயிருச்சு. அப்பறம் ஒரு மாசங்கழிச்சு இங்கயும் ஆரம்பிச்சிருச்சு."

கோத்தகிரி என்ற அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெட்ரோல் காரில் நம் கால் பெட்ரோலைத் தொடுவதே இல்லை. அது திறப்பது காற்றின் கதவை. பானட்டைத் தூக்கினால் ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து தடித்த கறுப்பு ரப்பர் ஹோஸ் ஒன்று இன்ஜினை நோக்கிப் போகும். அது முடியும் இடத்தில் அலுமினியத்தில் வார்த்த ஒரு குட்டைக் குழாய் இருக்கும். அதுதான் த்ராட்டில் பாடி. சின்ன கார்களில் அதன் உள்வாய் நாலு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். நடுவில் ஒரு தண்டு, தண்டில் ஒரு வட்டத் தகடு. ஷெட்டில் அதைப் பட்டர்ஃபிளை என்போம். பெடலை மிதித்தால் கேபிள் இழுத்து, தகடு சாய்ந்து, காற்று உள்ளே போகும். எவ்வளவு காற்று போகிறது என்பதைச் சென்சார்கள் சொல்ல, இ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே தெளிக்கும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது அது காக்கப் பார்க்கும் கணக்கு.

இப்போது காலை முழுவதுமாக எடுத்துவிடுகிறோம். தகடு மூடிக்கொள்கிறது. ஆனாலும் இன்ஜின் ஓட வேண்டுமே. 999 சி.சி. சான்ட்ரோ இன்ஜின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்றை ஒட்டிச் சுற்றும். அதற்கே வெளிக்காற்று நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் வேண்டும். இந்தக் காற்று இரண்டு வழியாக வரும். ஒன்று, மூடிய தகட்டின் விளிம்புக்கும் குழாயின் சுவருக்கும் நடுவே விட்டுவைத்திருக்கும் மயிரிழை இடைவெளி. இன்னொன்று, தகட்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு குறுகலான பக்கவழி. அந்தப் பக்கவழியில் ஐட்லிங் வால்வு உட்கார்ந்திருக்கும். சுற்று குறைந்தால் அதைத் திறப்பதும் கூடினால் மூடுவதும் இ.சி.யு. வேலை.

அந்த மயிரிழை இடைவெளியில்தான் கரி அடைகிறது.

கரி எங்கிருந்து வருகிறது? ஃபில்டர் நன்றாக இருந்தால் ரோட்டுத் தூசி அங்கே வராது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் எப்போதும் கீழே ஆயில் இருக்கும் அறைக்குக் கசியும். புது இன்ஜினிலும் கசியும். அது ஆயில் ஆவியோடு கலந்து அங்கே தேங்கும். அந்தக் காலத்து வண்டிகளில் ஒரு குழாய் வைத்து இதை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை மூடிய புகைமூட்டத்துக்குக் காரணம் வண்டிகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன் வெயிலில் மாறுவதுதான் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் காட்டினார். அதைத் தொடர்ந்து 1960களின் தொடக்கத்தில், முதலில் கலிபோர்னியாவில், இந்த ஆவியைத் திரும்ப இன்ஜினுக்கே இழுத்து எரிக்கும் ஏற்பாடு வந்தது. அதற்கான சின்ன வால்வைத்தான் பி.சி.வி. என்கிறோம். இன்றுள்ள எல்லா பெட்ரோல் கார்களிலும் அந்த ஏற்பாடு உண்டு. ஆகவே த்ராட்டில் பாடியில் படிந்த கறுப்பைப் பார்த்து வண்டிக்காரர் வெட்கப்பட வேண்டியதில்லை. நம் தெருவில் போயிருக்க வேண்டிய அழுக்கு அது. வண்டி அதைத் தானே விழுங்கியதற்கான தடயம்.

கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அம்பாசிடரிலும் பத்மினியிலும் பெட்ரோலும் காற்றும் கலந்தே அந்தத் தகட்டைத் தாண்டிப் போகும். பெட்ரோலே ஓரளவு கழுவிக்கொண்டிருக்கும். நம் ஊரில் 1990களின் கடைசியிலும் 2000த்தை ஒட்டியும் புகை விதிகள் இறுகின. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. சின்ன கார்கள் வரிசையாக எம்.பி.எஃப்.ஐ. ஆயின. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் உருவாகத் தொடங்கிய சான்ட்ரோ ஆரம்பத்திலேயே அப்படி வந்த வண்டி. எம்.பி.எஃப்.ஐ.யில் இன்ஜெக்டர் ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும், வால்வுக்குப் பக்கத்தில் தெளிக்கிறது. த்ராட்டில் பாடிக்குப் பெட்ரோல் வாசனையே கிடையாது. ஆயில் ஆவி வந்து ஒட்டும், காயும், அதன்மேல் மறுபடி ஒட்டும். கழுவ ஆளில்லை.

இடைவெளி அடைய அடைய, இ.சி.யு. ஐட்லிங் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டும். அதனால் வருடக்கணக்கில் நமக்கு எதுவுமே தெரியாது. வால்வு முழுக்கத் திறந்தும் போதவில்லை என்ற நாளில்தான் வண்டி அணைகிறது. டீச்சர் வண்டிக்கு அந்த நாள் கோத்தகிரியில் வந்தது. எங்கள் ஊரான கோவை 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே சந்தில் நுழையும் காற்று அங்கே மெலிந்த காற்று. போதாததற்கு விடிகாலைக் குளிர். கெட்டிப்பட்ட ஆயிலைச் சுற்ற இன்ஜினுக்குக் கூடுதல் காற்று வேண்டும். கீழே சமாளித்துக்கொண்டிருந்த வண்டி மேலே தோற்றுவிட்டது. மலையில் முதலில் படுத்து, சமவெளியில் எழுந்து ஓடும் பழைய எம்.பி.எஃப்.ஐ. வண்டி என்றால் நான் முதலில் பார்ப்பது த்ராட்டில் பாடியைத்தான்.

சிக்னலில் அணைவதற்கும் காரணம் இருக்கிறது. வேகமாக வந்து காலை எடுத்ததும், இன்ஜின் சக்கரங்களின் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்வரை இ.சி.யு. பெட்ரோலை நிறுத்திவிடும். மைலேஜுக்காகச் செய்த ஏற்பாடு. சுற்று குறைந்து ஐட்லிங்கை நெருங்கும்போது மறுபடி தெளிக்கத் தொடங்கும். அந்தக் கைமாற்றில் காற்று கொஞ்சம் குறைந்தாலும் சுற்று சரிந்து, சரிந்த வேகத்தில் அணைந்துவிடும். ஓடும்போது தகடு நன்றாகத் திறந்திருப்பதால் விளிம்புக் கரி ஒரு பொருட்டே இல்லை. அவிநாசி ரோட்டில் பறக்கிற வண்டி சிக்னலில் நிற்பது இதனால்தான். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் கதை தலைகீழாக இருக்கும்: ஐட்லிங் நன்றாக இருக்கும், ஓவர்டேக் பண்ணும்போது இழுக்காது. எஸ்டிமேட் எழுதுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தொல்லை ஐட்லிங்கிலா ஓடும்போதா என்பது ஒன்றுதான்.

எல்லா நடுக்கமும் கரியினால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரி அடைந்தால் ஐட்லிங் குறையும். மாறாக, ஐட்லிங் ஏறி ஏறி இறங்கினால், அல்லது காலை எடுத்தும் 1,500இலேயே நின்றால், எங்கேயோ ரப்பர் ஹோஸ் வெடித்து கணக்கில் வராத காற்று புகுகிறது என்று பொருள். இருபது வருட வெயிலில் ரப்பர் வெடிப்பது இயற்கை. ஒரே சீராகத் தட்டித் தட்டி மிஸ்ஸிங் அடித்தால் பிளக், காயில் பக்கம் போக வேண்டும்.

டீச்சர் வண்டிக்கு வருவோம். இன்ஜின் ஆறியிருந்தது. அடிக்கப்போகும் ஸ்ப்ரே சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் சூடான இன்ஜினில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி உருவினேன். டார்ச் அடித்து டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முன்பக்கம் தகடு பழுப்பாக, ஓரளவு சுத்தமாகத்தான் இருந்தது. கேபிள் சுற்றியிருக்கும் புல்லியைக் கையால் திருப்பி, தகட்டைச் சாய்த்ததும் பின்பக்கம் தெரிந்தது. தகடு மூடி உட்காரும் இடத்தில், குழாயின் சுவரில் பிறை வடிவில் கறுப்பு மேடு. விரல் நகத்தால் நெருடினேன். மேலே பிசுபிசுப்பு, அடியில் காய்ந்த வார்னிஷ். நகத்தில் வந்ததை முகர்ந்தால் பழைய ஆயில் நெடி.

"இத்துனூண்டுக்கா தம்பி அத்தனை பில்லு?" என்றார்.

லேசான அழுக்கு என்றால் வண்டியிலேயே வைத்துத் துடைக்கலாம். இவ்வளவு கெட்டி என்றால் கழற்றுவதுதான் முறை. வண்டியில் வைத்தே டின் டின்னாக அடித்தால், கரைந்த குழம்பு மேனிஃபோல்டுக்குள் வடியும். ஸ்டார்ட் செய்யும்போது மொத்தமாக உள்ளே போனால் பிளக் நனையும், ஆக்சிஜன் சென்சாருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் நல்லதில்லை. கழற்றும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் த்ராட்டில் பாடிக்கு அடியில் விரல் தடிமனில் இரண்டு ஹோஸ் வரும். ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் வழி அது. குளிர் நாடுகளில் தகட்டில் பனி உறையாமல் இருக்கச் செய்தது. தெரியாமல் உருவினால் கூலன்ட் கொட்டி, காற்று புகுந்து, பிறகு இன்ஜின் ஹீட் ஆகும். எல்.பி.ஜி. கிட் போட்ட வண்டி என்றால் ஹோஸுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேஸ் மிக்ஸர் இருக்கும்; சிலிண்டர் வால்வை மூடிவிட்டே அதில் கை வைக்க வேண்டும்.

கையில் எடுத்த பிறகு வேலை சுலபம், அவசரம்தான் ஆகாது. த்ராட்டில் சென்சார் இருக்கும் பக்கம் மேலே வரும்படி பிடிப்பேன், ஸ்ப்ரே அதற்குள் வடியாமல் இருக்க. நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைப்பேன். எங்கள் ஊரில் அதற்குப் பனியன் வேஸ்ட்டை மிஞ்சிய துணி இல்லை. திருப்பூர் பக்கத்தில் இருப்பதில் எங்கள் தொழிலுக்குக் கிடைத்த லாபம். மூலைக்குப் பழைய டூத் பிரஷ். கரி இளகச் சில நிமிடம் பொறுத்தால் தானே வரும். பொறுமை இல்லாதவர் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுவார், எமரி தாளால் தேய்ப்பார். அலுமினியத்தில் விழுந்த கீறல் அப்புறம் போகாது. அந்த வழியே காற்று கசிந்து ஐட்லிங் நிரந்தரமாகக் கெடும். சில கம்பெனிகள் தகட்டின் விளிம்பில் தொழிற்சாலையிலேயே ஒரு கறுப்புப் பூச்சு பூசி அனுப்புகின்றன. அதை அழுக்கு என்று எண்ணிக் கரைத்துவிடக் கூடாது. கடையில் கார்ப் கிளீனர் என்று கேட்டால் கொடுப்பது காட்டமான சரக்கு. த்ராட்டில் பாடி கிளீனர் என்று கேட்டு வாங்குவது நல்லது.

பக்கவழியையும் ஐட்லிங் வால்வின் முனையையும் துடைத்தேன். கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டேன். பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். டிக் டிக்கென்று சத்தம் வந்தது, அது உயிரோடு இருக்கிறது. ஏர் ஃபில்டரை மாற்றினேன். தகடு தடையில்லாமல் திறந்து தானாகப் படக்கென்று மூடுகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினேன்.

இந்த வேலையைப் பாதியில் கெடுப்பவர்கள் தடுமாறுவது இதற்கடுத்த கட்டத்தில். சுத்தம் செய்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் சில நேரம் ஐட்லிங் 1,300, 1,500 என்று கத்தும். வேலை தப்பாகிவிட்டது என்று பயப்படுவார்கள். நடந்தது இதுதான்: அடைப்பை ஈடுகட்ட வால்வை எவ்வளவு திறக்க வேண்டும் என்று இ.சி.யு. பழகி வைத்திருக்கிறது. அடைப்பு போனது அதற்குத் தெரியாது. பேட்டரி வயரைக் கால் மணி நேரமாவது கழற்றி வைத்தால் பல பழைய வண்டிகளில் அந்தப் பழக்கம் அழியும். பிறகு ஏ.சி., லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை விட்டுவிடுவேன். அப்புறம் ஏ.சி. போட்டு இன்னும் சில நிமிடம். வண்டி தன் புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

அந்தப் பொறுமை இல்லாமல் த்ராட்டில் பாடியின் ஓரத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவில் கை வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். அது கார்புரேட்டரின் ஐட்லிங் ஸ்க்ரூ மாதிரி தெரியும். ஆனால் அது தகடு எங்கே நிற்க வேண்டும் என்று கம்பெனியில் வைத்து அடைத்த எல்லை. அதைத் திருப்பினால் தகடு முழுக்க மூடாது. கால் பெடலில் இருக்கிறது என்று இ.சி.யு. நம்பும். காலை எடுக்கும்போது பெட்ரோலை நிறுத்தாது, ஐட்லிங்கையும் தன் கையில் எடுக்காது. மைலேஜ் குறையும், அணைவது நின்று வேறு தொல்லை தொடங்கும்.

கேபிளே இல்லாமல், தகட்டை மோட்டார் திருப்பும் புது வண்டிகளில் நான் சொன்ன கை வேலை செல்லாது. தகட்டை விரலால் தள்ளினால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரம் போய்விடும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விட்டால் விரலுக்கும் ஆபத்து. சுத்தம் செய்த பின் ஸ்கேனர் போட்டுக் கற்பிக்க வேண்டியவை அவை. வீட்டில் தொட வேண்டாம்.

டீச்சர் வண்டி 800இல் வந்து நின்றது. ஏ.சி. போட்டதும் ஒரு நொடி தாழ்ந்து, தானே ஏறிக்கொண்டது. ஆன செலவு ஸ்ப்ரே ஒரு டின், கேஸ்கட், ஃபில்டர், என் கூலி. பம்ப்பும் இன்ஜெக்டரும் பழையதே. பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதைக் கட்டி, எஃப்.சி. காட்டி, இந்த வண்டி போதும் என்று இருப்பவர்களிடம் தேவையில்லாத பாகத்தை விற்பது எனக்கு ஒப்பவில்லை.

அதே காரணத்துக்காக, ஒவ்வொரு சர்வீஸிலும் த்ராட்டில் கிளீனிங் என்று பில்லில் ஒரு வரி சேர்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஏர் ஃபில்டர் மாற்றும்போது ஹோஸை உருவி டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். கறுப்புப் பிறை இல்லை என்றால் விட்டுவிடலாம். என் அனுபவத்தில் நல்ல இன்ஜினில் 30, 40 ஆயிரம் கிலோமீட்டர் தாராளமாகப் போகும். பக்கத்துக் கடைக்குப் போய்ப் போய் வரும், சூடேறும் முன்பே அணைக்கப்படும் வண்டிகளில் சீக்கிரம் சேரும்.

சுத்தம் செய்த சில மாதத்திலேயே மறுபடி தார் மாதிரி அடைந்து, ரப்பர் ஹோஸுக்குள்ளும் ஆயில் ஈரம் தெரிந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். முதலில் பி.சி.வி. வால்வையும் அதன் ஹோஸையும் பார்ப்பேன். ஆயில் லெவல் மேக்ஸ் கோட்டுக்கு மேலே ஊற்றப்பட்டிருக்கிறதா என்று குச்சியை எடுத்துப் பார்ப்பேன். இரண்டும் சரி என்றால், இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறப்பேன். லேசான மூச்சு வந்தால் பரவாயில்லை. புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, அடுத்து கம்ப்ரெஷன் டெஸ்ட். அந்த வண்டிக்கு ஸ்ப்ரே டின்னைக் கையில் எடுப்பதில் பயனில்லை. இன்ஜினைப் பிரிக்கச் செலவு எவ்வளவு, பிரித்தால் எத்தனை வருடம் ஓடும் என்று வண்டிக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதுதான்.